பெயிண்ட் அடிச்சா தெரியாது

திசையன்விளையில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது நேரும் தவறுகளில் பாதி, கைபேசியில் பார்த்துச் சரி சொல்வதால் நிலைத்துவிடுபவை. வீட்டுக்காரர் சென்னையிலோ மும்பையிலோ பலசரக்குக் கடையில் இருப்பார். கான்ட்ராக்டர் வீடியோ காலில் நேராக நிற்கும் சுவரை மட்டும் காட்டுவார். தைப்பூசத்துக்கு உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வரும்போதுதான் மற்ற மூன்று சுவர்களும் கண்ணில் படும்.

தவறுகளில் மூத்தது குளியலறை வாட்டம். 8 அடி நீளத் தரைக்கு வடிகுழாய்ப் பக்கம் ஏறக்குறைய 1 அங்குலம் தாழ்ந்தால் போதும். அந்த அங்குலம் எப்படியோ எதிர்த்திசைக்குப் போய்விடும். குளித்த தண்ணீர் படுக்கையறைக்கு நலம் விசாரிக்கக் கிளம்பும். பக்கத்து ஆயன்குளத்தில் 2021 மழைவெள்ளத்தை ஒரு கிணறு நிரம்பாமலே குடித்துத் தீர்த்தது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதே காரணம் என்றார்கள். அவ்வளவு வெள்ளம் வழி கண்ட வட்டாரத்தில் ஒரு வாளித் தண்ணீருக்கு வழி தெரியாததையும் யாராவது ஆராயலாம். டைல்ஸ் ஒட்டுமுன் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பதே மருந்து. ஒட்டியபின் கேட்டால், "வைப்பர் வச்சுத் தள்ளிக்கிடலாம் அண்ணாச்சி" என்று பதில் வரும்.

அடுத்த தவறு காங்கிரீட்டில். உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் ஜல்லித்துண்டு இருந்தால் சில வருடங்களில் துரு வெளியே வரும். காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள், ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். இப்பொறுப்பு வீட்டிலுள்ள ஆச்சியின் தலையில் விழும். பிறகு விரிசல் விட்டால் குற்றவாளியும் ஆச்சியே.

மற்ற எல்லாத் தவறுக்கும் கொத்தனார் தரும் பொதுவிடை, "பெயிண்ட் அடிச்சா தெரியாது." பெயிண்டரைக் கேட்டால், "பூச்சே கோணல், நாங்க என்ன செய்ய?" என்பார்.

சத்தம் போடுவதால் பயனில்லை. கான்ட்ராக்டர் பெரும்பாலும் மச்சினன் வழியில் வந்தவர். கோபித்தால் வேலையும் நிற்கும், உறவும் நிற்கும். தவறு தெரிந்த அன்றே தேதியோடு போட்டோ எடுத்து, திருத்த வேண்டியதை எழுதி அனுப்புவது நல்லது. அதைவிட நல்லது, கடைசித் தவணையைக் கையில் வைத்திருப்பது. பாக்கி இருக்கும்வரை அவர் போனை எடுப்பார். முழுப் பணமும் போனபின் 'வேற சைட்டுல காங்கிரீட்' நடந்துகொண்டே இருக்கும்.

அதற்கும் மசியாதவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் டீக்கடைப் பேச்சாக இருந்தால் அங்கே நிரூபிப்பது கடினம். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய கணக்கானாலும் கையெழுத்து வாங்கி வையுங்கள்.