பதினான்கு குரங்குகள்

முதல் பிழை ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம்.

வெள்ளவத்தையில் முப்பது வருடம் மூன்றாம் மாடியில் இருந்தவன் நான். காகத்தையும் கரப்பானையும் விட்டால் எனக்கு வேறு சீவராசிகளோடு பழக்கமில்லை. ஓய்வூதியம் வந்ததும் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் வழியில் ஒரு சின்ன வீடும் கால் ஏக்கர் வளவும் வாங்கிக் குடிவந்தோம். மூன்றாம் நாள் காலை மதிலில் ஒரு குரங்கு வந்து குந்தியது. உச்சியிலிருந்து நாலாபக்கமும் வாரிவிட்ட தலைமயிர், பழைய காலத்துக் கணக்கு வாத்தியாரின் முகம். பழத்தை நீட்டினேன், வாங்கிக்கொண்டது. மனைவி படம் எடுத்தாள். 'இயற்கையோடு ஒரு வாழ்வு' என்று எழுதிக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டேன். கனடாத் தங்கை மூன்று இதயம் அனுப்பினாள்.

அடுத்த நாள் பதினான்கு வந்தன.

பக்கத்து வளவு அம்மா எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "என்னாங்கய்யா, நீங்களே எல போட்டு ஒக்கார வச்சீங்களாமே?"

ஒரு மாதத்தில் கொய்யா போனது, பப்பாசி போனது, இருந்த ஒரே ரம்புட்டான் மரமும் மொட்டையானது. இந்தக் குரங்குக்குக் கன்னத்துக்குள் பை இருக்கிறது. அவசரத்துக்கு அதில் அடைத்துக்கொண்டு ஓடிப்போய், தூரத்துக் கொப்பில் ஆறுதலாக இருந்து மெல்லும். நானோ சந்தைக்குப் போனால் பையை வீட்டில் மறந்துவிட்டுப் போகிற ஆள். அறிவில் அவற்றோடு போட்டிக்கு நின்றதே இரண்டாவது பிழை. டவுனில் ஒரு துணிப்புலி வாங்கி மதிலில் இருத்தினேன். முதல் நாள் தூர நின்று பார்த்தன. இரண்டாம் நாள் ஒரு குட்டி வந்து அதன் வாலை இழுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் புலி பலாமரத்தின் உச்சியில், வயிறு கிழிந்து பஞ்சு பறக்கத் தொங்கியது. பிறகு கெட்டப்போல் செய்தேன். முதல் கல்லிலேயே எங்கள் புதுத் தண்ணீர்த் தாங்கி வெடித்தது. குரங்குகள் ஓடவில்லை; தண்ணீர் ஓடியது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையொன்று அரசு மட்டத்தில் அடிபட்டது. விலங்குநல ஆட்கள் நீதிமன்றம் போனார்கள், யோசனை கைவிடப்பட்டது. அப்போது வெள்ளவத்தையில் காற்றாடிக்குக் கீழே இருந்துகொண்டு நானும் முகநூலில் உருகி உருகி ஒரு பதிவு எழுதினேன். வாயில்லாச் சீவன், தாய்மண், இன்னும் என்னென்னவோ. (1771இல் லின்னேயஸ் இந்தக் குரங்குக்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே 'சினிக்கா', அதாவது சீனத்தது, என்று இருக்கிறது. இலங்கையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் இல்லாத பிராணிக்கு அப்படியொரு பெயர்.) இங்கே வந்த இரண்டாம் மாதம், ரம்புட்டான் போன அன்று இரவு, அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து அழித்தேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு காலை பின்வாய்க்காலிலிருந்து ஆறடி நீளத்தில் ஒன்று ஏறி, நாக்கை நீட்டி நீட்டிக் குசினி வாசலுக்கு வந்தது. "முதலை!" என்று கத்தியபடி மேசையில் ஏறிவிட்டேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "கபரகொய்யா அப்பா. இறங்குங்கோ, மேசைக்கால் ஆடுது." பிறகு ஆறுதலுக்குப் புத்தகம் தேடினேன். கண்டி இராச்சியத்தில் இருபது வருடத்துக்குக் கிட்டச் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸும் 1681இல் வந்த தன் நூலில் இதை முதலை போன்றது என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் மேசையில் ஏறியதாகக் குறிப்பு இல்லை. உடும்பையும் இதையும் பிரித்தறிய மூக்குத்துவாரத்தைப் பார்க்க வேண்டுமாம்: கபரகொய்யாவுக்கு அது மூஞ்சி நுனியில், உடும்புக்குக் கண்ணை நோக்கிப் பின்னால். மேசையில் நின்றுகொண்டு மூக்குத்துவாரம் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

சீலிங்குக்கு மேலே இரவு இரண்டு மணிக்கு நடந்த காலடிகளையும், கூடவே வந்த ரம்பை இலை வாசத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தேவாரம் படித்தேன். அது மரநாய்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார். எனக்கு முதலில் வாழைப்பழ ஞாபகம்தான் வந்தது. மாத்தளைக் குரங்கு பாணந்துறை போகாது என்று மனைவி தேற்றினாள்.

அடுத்த மாதம் கிராம சேவகர் ஒரு தாள் கொண்டுவந்தார். மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எத்தனையென்று நாடே எண்ண வேண்டும். பேனைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! வெள்ளிக்கிழமை இரவே கதிரையை முற்றத்தில் போட்டேன். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், உபரிப் பேனை. தினமும் ஏழு மணிக்கே வந்து கூரையில் துள்ளுகிற கூட்டம்.

அன்று ஏழுக்கு வரவில்லை. ஏழரைக்கும் இல்லை. எட்டு மணிக்கு வானொலியில் மணியடித்தது. வளவில் ஒரு காற்று அசைவுகூட இல்லை. தூரத்தில் ஒரு மயில் அகவியது, ஆனால் அது யாருடைய வளவோ. 8.05. தாளில் நான்கு வெறும் கட்டங்கள்.

8.07க்குத் தகரத்தில் தடதடவென்று பதினான்கும் இறங்கின.

பதினான்கு என்று எழுதினேன். நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்தும் வைத்தேன். முப்பது வருடம் கணக்காய்வுப் பிரிவில் வேலை பார்த்தவன்.

பின்னேரம் வேலியடியில் அம்மாவிடம் கேட்டேன். வருடாவருடம் என்னைவிடப் பத்து மடங்கு இழக்கிறவர், மரவள்ளியை முள்ளம்பன்றிக்கும் பலாவைக் குரங்குக்கும் கொடுக்கிறவர். "சைபருங்கய்யா," என்றார். "அந்நேரம் வரலியே. வராததுக்கு எப்புடிக் கணக்கு எழுதுறது?"

சில மாதங்களுக்குப் பிறகு முடிவு வந்தது. நாட்டில் குரங்கு 50 இலட்சத்துக்கும் மேல், மயில் 40 இலட்சத்துக்கும் மேல். இவ்வளவு இருக்குமா என்று ஆளாளுக்குச் சந்தேகப்பட்டார்கள். நான் செய்தியைப் பெரிதாக வைத்துக் கேட்கவில்லை.

இதை எழுதும்போது மணி ஏழாகிறது. மதிலில் வாத்தியார் வந்து குந்திவிட்டார். மனைவி குசினி யன்னலைச் சாத்துகிறாள். நான் கெட்டப்போலை எடுத்துக்கொண்டு எழும்புகிறேன். தாங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டாம்.