நான்கு ஆட்டம், ஐம்பது லட்சம் பூச்சி

அமேசான் மழைக்காட்டில் ஒரு குளவி. மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இலைப்புழுவின் உடலுக்குள் முட்டையிடும். பொரிந்த குஞ்சு, புழுவை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிட்டு வெளியே வரும். உடனே உங்களுக்கு அமைச்சர்கள் ஞாபகம் வந்திருக்கும். வேண்டாம். குளவி கோபித்துக்கொள்ளும். தின்பதற்கு முன் அது அடிக்கல் நாட்டுவதில்லை.

இதற்கு ஒரு பெயர் வைக்க என்ன பாடு தெரியுமா? காட்டில் கூடாரம்போல வலை கட்ட வேண்டும். விழுந்ததை எரிசாராயத்தில் போட்டு, ஊசியில் குத்தி, இறக்கை நரம்புகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். டிஎன்ஏயில் 658 எழுத்து படிக்க வேண்டும். அப்போதும் முடியாது. புதிது என்று சொல்ல, பழையது எது என்று தெரிய வேண்டுமே! அதற்குத்தான் அருங்காட்சியகம். ஓர் இனத்துக்கு ஒரே ஒரு மூல மாதிரி. அது போனால், பத்திரம் தொலைந்த நிலத்தின் கதிதான்.

பிரேசில் இந்தப் பத்திரங்களை வைத்திருந்த இடம், ரியோவில் 1818இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகம். 1992இல் உலகத் தலைவர்கள் கூடி, உயிரினங்களைக் காப்போம் என்று ஒப்பந்தம் போட்டுப் படமெடுத்துக்கொண்ட அதே ரியோ. அருங்காட்சியகப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5.2 லட்சம் ரியால். 2014 முதல் அதுவும் முழுதாக வரவில்லை.

அதே 2014இல், மழைக்காட்டின் நடுவே மனாஸ் நகரில், உலகக் கோப்பைக்காக ஸ்டேடியம் எழுந்தது. செலவு ஏறத்தாழ 67 கோடி ரியால். முதல் டிவிஷனில் அணியே இல்லாத ஊர். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நான்கு ஆட்டம். நான்கே நான்கு! அந்தப் பணத்தில் அருங்காட்சியகத்தை 1,200 ஆண்டுகளுக்கு மேல் பராமரித்திருக்கலாம்.

2018 ஜூனில் அருங்காட்சியகத்தின் மேல் மனமிரங்கினார்கள். தீத்தடுப்புக்கும் சேர்த்து 2.17 கோடி ரியாலுக்குக் கையெழுத்தானது. கையெழுத்துதான். காசு இல்லை. செப்டம்பர் 2 இரவு தீ வந்துவிட்டது. அதற்குக் கோப்பு நகரும் வேகம் தெரியாது. தீயணைப்புக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் இல்லை. லாரியில் கொண்டுவந்தார்கள். பூச்சிப் பிரிவில் இருந்தவை சுமார் 50 லட்சம். பெரும்பகுதி விடிவதற்குள் சாம்பல்.

இழப்பைக் கணக்கிடவே முடியாது என்றார் பிரேசிலின் அப்போதைய அதிபர் தெமெர். ஏன் முடியாது? ஆண்டுக்கு 5.2 லட்சம். அதில் நிறுத்திவைத்தது எவ்வளவு என்று அவருடைய நிதி அமைச்சகத்தைக் கேட்டிருந்தால், காசு சுத்தமாகச் சொல்லியிருப்பார்கள்.