கடிகாரம் பாத்து உப்பு வித்தவன்

வாப்பா, உக்காரு. முதலாளித்துவத்தக் கவுத்துப்புட்டுத்தான் கல்யாணம்னு ஆத்தாகிட்ட சொன்னியாமே? நல்லது. எந்தப் பொண்ணோ தப்பிச்சா.

அரசாங்கம் வேணாம், முதலாளி வேணாம், காசும் வேணாம்ங்கிற. அரசின்மைப் பொருளாதாரம்னு பேரு வேற சொல்ற. பேரு பெருசா இருந்தா கெழவன் மெரண்டுருவான்னு நெனச்சியா? நீ கட்டில்ல போட்டுட்டுப் போன புத்தகத்தையெல்லாம் மத்தியானத் தூக்கம் வராதப்ப நானும் பொரட்டிப் பாத்தேன். அதுல எனக்குப் புடிச்ச ஆளு ஒருத்தன் இருக்கான். அமெரிக்காக்காரன். பேரு ஜோசையா வாரன்.

1827ல சின்சினாட்டி ஊருல கடை போட்டான். வாங்குன வெலைக்கே சரக்கு. கடைச் செலவுக்குன்னு கொஞ்சூண்டு மேல வப்பான். லாபம்னு ஒத்தக் காசு கெடையாது. அப்ப அவன் வயித்துக்கு? அங்கதான் இருக்கு சூட்சுமம். கடையில ஒரு கடிகாரம். நீ வந்து நின்னதும் நேரத்தக் குறிச்சுக்குவான். சாமானக் கட்டிக் குடுத்ததும் மறுபடி பாப்பான். எத்தன நிமிசம் ஒனக்காக நின்னானோ அத்தன நிமிசத்துக்கு ஒன் ஒழைப்ப நீ சீட்டா எழுதிக் குடுக்கணும். தச்சன்னா தச்சு வேலை. தைக்கிறவன்னா தையல்.

பேரம் பேசுனா பேசுறவனுக்குத்தான் செலவு, பாத்தியா? இந்தக் கடைய நம்ம கடைத்தெருவுல வச்சா ஒங்க பெரியத்தா கதி என்ன? அரைக்கிலோ பருப்புக்கு முக்கா மணி நேரம் ஊர்க்கதை பேசுறவ. ஒரே மாசத்துல வீட்ட எழுதிக் குடுக்கணும்.

சரி, வெறும் வாக்குறுதிய நம்பி எவன் சீட்டு வாங்குவான்? அதுக்கு ஈடா மக்காச்சோளத்த வச்சான். ஒரு மணி நேரத்துக்குப் பன்னண்டு பவுண்டு. காசு வேணாம்னு கெளம்புன மனுசன் சோளத்துல வந்து நின்னான்! மூணு வருசம் ஓட்டிப்புட்டு, 1830ல அவனே கடையச் சாத்துனான். நொடிச்சுப் போயி இல்ல. சோதனை தேறிப்போச்சாம். கடையச் சாத்திட்டு செயிச்சுட்டேன்னு சொன்ன யாவாரிய நான் வேற எங்கயும் கண்டதில்ல.

சிரிக்காத. அடுத்தது சிரிக்கிற சங்கதி இல்ல.

1936ல ஸ்பெயின்ல ஃபிராங்கோங்கிற தளபதி அரசாங்கத்த எதுத்துக் கலகம் பண்ணான். பார்சிலோனாவுல ஒங்க கொள்கைக்காரத் தொழிலாளிங்க தெருவுல நின்னு சண்ட போட்டு, ஊரத் தக்கவச்சாங்க. கம்பெனி மொதலாளிங்க பலபேரு ஓடியே போயிட்டாங்க. அப்ப டிராம் வண்டிய யாரு ஓட்டுறது? நேத்து வரைக்கும் யாரு ஓட்டுனாங்களோ அவங்கதான். வேற யாரு? சண்ட ஓஞ்ச சில நாள்லயே வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு. செவப்பும் கறுப்பும் பூசி ஓட்டுனாங்க. பிரேக் எங்க இருக்குன்னு புத்தகத்தப் பாத்தா ஓட்டுனாங்க? கை பழகுன வேலைப்பா.

அந்த வருசக் கடைசியில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அங்க போனார். லிஃப்ட் பையனுக்கு இனாம் நீட்டப்போயி, ஹோட்டல் மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். எல்லாரும் சமம், இனாம் கேவலம்னு பேச்சு. சரிதான். ஆனா மேனேஜர்னு ஒருத்தர் அப்பவும் இருந்திருக்கார், கவனிச்சியா?

அரகோன் சீமையில கிராமம் கிராமமா நெலத்தப் பொதுவாக்குனாங்க. பல ஊருல பணத்தையே ஒழிச்சாங்க. அப்பறம் என்ன பண்ணாங்க? சீட்டு அடிச்சாங்க! ஊருக்கு ஊரு வேற சீட்டு. இந்த ஊரு சீட்டு அடுத்த ஊருல செல்லாது. ரொட்டி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எந்த வீட்டுல எத்தன வாயின்னு எழுதி வைக்க ஒரு ஆளும் வேண்டியிருந்துச்சு. எனக்கு வெளங்குனது இம்புட்டுத்தான்: முதலாளி போனா வண்டி ஓடுது. கணக்குப்புள்ள போனா ஓடாது.

அதுக்காக அவங்க தோத்தது கணக்குலன்னு சொல்லிறாத. அது தானா உளுந்த வீடில்ல, இடிச்ச வீடு. அதுவும் எதிரி இடிக்கல. 1937 ஆகஸ்டுல இவங்க பக்கத்து அரசாங்கமே லிஸ்டர்ங்கிற தளபதியப் பட்டாளத்தோட அனுப்பிக் கலைச்சுது. மிச்சத்த ஃபிராங்கோ வந்து பாத்துக்கிட்டான்.

ஒம் புத்தகத்துல வர்ற இன்னொருத்தர் குரோபோட்கின். ருசியாவுல பெரிய எடத்துப் புள்ள, இளவரசர் பட்டம் வேற. ரொட்டியப் பேருல வச்சு 1892ல வந்த அவரு புத்தகத்துல என்ன எழுதியிருக்கார்? புரட்சி வந்தா பொம்பளைங்க பாத்திரம் கழுவிக்கிட்டே கெடக்கணுமான்னு கேட்டு, அமெரிக்காவுல ஒரு அம்மா கண்டுபுடிச்ச எந்திரம் மூணு நிமிசத்துக்குள்ள பன்னண்டு டசன் தட்டு கழுவுதுன்னு கணக்குச் சொல்றார். இளவரசனுக்கு வந்த கவலை ஒனக்கு வந்துச்சா? பரஸ்பர உதவின்னு பேசுற. நீ தின்ன தட்டு அந்தா திண்ணையில காயுது.

பிரெஞ்சுக்காரர் புரூதோன் 1849ல வட்டியில்லாக் கடனுக்கு மக்கள் வங்கின்னு ஒண்ணு ஆரம்பிச்சார். ஜனாதிபதிய ஏசி எழுதுனதுக்கு ஜெயில் தண்டன விழுந்துச்சு. வங்கி கடன் குடுக்காமலே மூடிருச்சு. பாவம், நம்ம பேராவூரணிப் பக்கம் வந்திருக்கலாம் அவரு. கீரமங்கலம், வடகாடுன்னு சுத்திக் காட்டியிருப்பேன். மொய் விருந்துக்கு எந்த வங்கி கையெழுத்துப் போடுது? கறிச்சோறு போட்டு, வந்த மொய்ய நோட்டுல எழுதி, அந்தப் பணத்துல கெணறு வெட்டுறான், கடை வைக்கிறான், புள்ளையப் படிக்க வைக்கிறான். வட்டிங்கிற பேச்சே கெடையாது. அடுத்தவன் விருந்து வைக்கிறப்ப வாங்குனதத் திருப்பி, மேலயும் போடணும். அந்த மேல போட்டது புது மொய். இப்பப் பணம் எண்ணுற எந்திரமும் கம்ப்யூட்டர் ரசீதும் வந்தாச்சு. நோட்டு மட்டும் போகல.

உடனே இதான் சொர்க்கம்னு குதிக்காத. திருப்பலன்னா போலீசு வராது. ஊரு வாய் வரும். அது போலீசவிட மோசம். அதுக்குப் பயந்து பொஞ்சாதி தோட்ட அடகு வச்சு மொய் செய்றவனும் உண்டு. அவனுக்கு எந்த முதலாளி? யார எதுத்துக் கொடி புடிப்பான்? இதுக்கு ஒம் புத்தகத்துல பதில் இருந்தா சொல்லு, கேட்டுக்கிறேன்.

ஆடி பொறக்கப் போகுது. ஒங்க மாமன் விருந்து வைக்கிறான். மொய் எழுத ஆளு தேடிக்கிட்டு இருக்கான். ஒன் பேரச் சொல்லிட்டேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காம எழுதணும். பேரு மாறக் கூடாது, ஒரு சைபர் கூடக் கொறயக் கூடாது. ஒங் கையெழுத்து எப்படி, கொஞ்சம் எழுதிக் காட்டு.