மறைத்தால் 150, மறைக்காவிட்டால் 135

பிரெஞ்சுக் குடியரசுக்கு முகம் என்றால் உயிர். முகத்தை மூடிக்கொண்டு தெருவில் நடக்கிறவர் சக மனிதரோடு சேர்ந்து வாழ மறுக்கிறார். அவரால் குடியரசே ஆட்டம் கண்டுவிடும். பொது இடத்தில் முகத்தை மூடத் தடை விதித்து 2010இல் இதைச் சட்டமாக்கியபோது கீழவையில் ஆதரவு 335, எதிர்ப்பு 1. மேலவையில் 246க்கு 1. நாட்டில் அப்போது கண்கள் மட்டும் தெரிய முகத்தை மூடும் நிகாப் அணிந்த பெண்கள் அரசின் கணக்கிலேயே சுமார் 2,000 பேர்தான். கையில் அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசு அந்த 2,000 பேரைக் கண்டு நடுங்கிப்போயிற்று. அபராதம் 150 யூரோ வரை. குடிமைப் பண்பு கற்றுத்தர வகுப்பும் உண்டு. 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ‘சேர்ந்து வாழ்தல்’ வாதத்தை ஏற்று, சட்டம் செல்லும் என்றது.

ஈரமில்லாத சட்டம் என்று வைதுவிடாதீர்கள். உடல்நலம், தொழில், விளையாட்டு, திருவிழா, கலை எல்லாவற்றுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. கார்னிவலில் கோமாளி முகமூடி மாட்டி ஆடலாம். இறைவனுக்காக மூடினால்தான் குற்றம்.

நோய்க்காக முகத்தை மூடும் மாஸ்க் மீது பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த இளக்காரமும் நேற்று வந்ததல்ல. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். நோய் மூச்சில் பரவுகிறது, மாஸ்க் கட்டுங்கள் என்றார் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே. சீனன் சொல்லி நாம் கேட்பதா? பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைச் சோதித்தார். சில நாட்களில் பிளேக்கிலேயே இறந்தார். கிருமிக்கு இனப்பெருமை புரியாது.

சீனாவில் கொரோனா பரவிய 2020 ஜனவரியில் ஒரு பிரெஞ்சு நாளேடு ‘மஞ்சள் எச்சரிக்கை’ என்று தலைப்புப் போட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டது, அது வேறு விஷயம். ‘நான் வைரஸ் இல்லை’ என்று ஆசிய வம்சாவளியினர் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. மார்ச்சில், எல்லோருக்கும் மாஸ்க் தேவையில்லை, அதை எப்படிப் போடுவதென்று தனக்கே தெரியாது என்றார் அரசின் செய்தித் தொடர்பாளர் சிபெத் என்டியாய். பத்தாண்டு முன்பு 100 கோடியை ஒட்டி இருந்த கையிருப்பு 12 கோடிக்கும் கீழே கரைந்திருந்தது. எட்டாத பழம் புளித்தது.

சரக்கு வந்ததும் பழம் இனித்தது. மே 11 முதல் மெட்ரோவில் மூக்கும் வாயும் தெரிந்தால் 135 யூரோ அபராதம். பழைய சட்டத்தை யாரும் தொடவில்லை. ஆக, அதே பெண், அதே நடைமேடை, அதே போலீஸ்காரர்: நிகாபால் மூடினால் 150, மாஸ்க்கால் மூடாவிட்டால் 135. நோய் வந்த வருஷத்தில் முகத்தைக் காட்டியிருந்தால் 15 யூரோ மிச்சம்!

குடியரசு இடிந்ததா? மூடிய முகங்களோடு கோடிக்கணக்கானோர் ரொட்டி வாங்கினார்கள், வகுப்பெடுத்தார்கள், நாடாளுமன்றத்தில் வாதாடினார்கள். ‘சேர்ந்து வாழ்தல்’ செத்துவிட்டதாக ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. மூக்கு மறைந்தால் மனித உறவே அறுந்துபோகும் என்று 2010இல் தொண்டை வறளப் பேசிய கனவான்கள் எல்லாம் எங்கே போனார்கள்? மாஸ்க்குக்குள்தான் இருந்தார்கள்.

2022 மே மாதம் மெட்ரோவிலும் மாஸ்க் கட்டாயம் நீங்கியது. 135 போயிற்று, 150 இருக்கிறது. அடுத்த ஆண்டே கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால் அரசுப் பள்ளிகளில் மாணவிகள் அபாயா அணியத் தடை போட்டார். அபாயா என்பது தோளிலிருந்து கால்வரை தொங்கும் தளர்ந்த அங்கி. முகத்தை அது மூடுவதே இல்லை.