மலை இல்லாத ஊரில் மவுண்டன் பைக்: டிஸ்க் பிரேக் கேள்வி–பதில்

கேள்வி: வடலூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு குன்றுகூட இல்லை. இங்கே மவுண்டன் பைக்கும் அதற்கு டிஸ்க் பிரேக்கும் எதற்கு?

பதில்: மவுண்டன் பைக்கில் கிராஸ் கன்ட்ரி என்ற பிரிவு மலையுச்சியிலிருந்து உருண்டு வருவதற்கானது அல்ல. ஏற்றம், இறக்கம், மணல், சேறு, வேர் முண்டு எல்லாவற்றையும் மிதித்தே கடப்பதற்கானது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் நுழைந்தது இந்தப் பிரிவின் வழியாகத்தான். வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரத்தில் ஏற்ற இறக்கம் குறைவு. மற்ற எல்லாமே தாராளம். முந்திரித் தோப்புகளுக்குள் செம்மண் தடம், பெருமாள் ஏரிப் பக்கம் கரைப்பாதை, கடலூரை நெருங்கினால் உப்புக்காற்றும் மணலும், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் சேறு. மலை இல்லாத ஊரிலும் மாடு குறுக்கே வரும். பிரேக் அதற்குத்தான்.

கேள்வி: ரப்பர் கட்டை வைத்த ரிம் பிரேக் என்ன பாவம் செய்தது?

பதில்: ஒரு பாவமும் செய்யவில்லை. காய்ந்த தார்ச்சாலையில் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர ரிம் பிரேக் வகையில் நல்ல வி-பிரேக் தாராளமாகப் போதும். விலை குறைவு, எடை குறைவு, எந்தக் கடையிலும் கட்டை கிடைக்கும். தகராறு மழையில் தொடங்குகிறது. ரிம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் தண்ணீரும் சேறும் முதலில் அங்கேதான் ஏறும். பிரேக் பிடித்தால் முதல் ஓரிரு சுற்று ரிம்மைத் துடைப்பதிலேயே போய்விடும்; வண்டி நிற்பது அதற்குப் பிறகு. டிஸ்க் தட்டு சக்கரத்தின் நடுவே ஹப்பில் இருக்கிறது, சேறு அவ்வளவு உயரம் எளிதில் எட்டாது. எட்டினாலும் தட்டிலுள்ள துளைகள் தண்ணீரை வழித்து வெளியே தள்ளிவிடும். ரிம் கோட்டம் வாங்கினாலும் பிரேக்குக்குக் கவலையில்லை.

இது புதுச்சரக்கும் அல்ல. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் காருக்கான டிஸ்க் பிரேக்குக்கு 1902-இல் காப்புரிமை பெற்றார். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றபின்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

கேள்வி: கடையில் ‘டூயல் டிஸ்க்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிளைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக இரண்டு. எந்த வகை என்பதை மட்டும் அது சொல்லாது. லீவரிலிருந்து, பேட்டுகளால் தட்டைக் கவ்வும் காலிப்பருக்கு ஒயர் போனால் மெக்கானிக்கல்; ஆயில் குழாய் போனால் ஹைட்ராலிக்.

மலிவான மெக்கானிக்கலில் ஒரு பக்கத்து பேட் மட்டுமே நகரும். அது தட்டைத் தள்ளி வளைத்து, அசையாமல் நிற்கும் அடுத்த பேட்டின்மேல் சாய்க்கும். வண்டி நிற்கும், ஆனால் விரலுக்கு வேலை அதிகம். பேட் தேயத் தேயக் கையால் திருகி இடைவெளியைச் சரிசெய்யவும் வேண்டும். இதே மெக்கானிக்கலில் இரு பக்கமும் நகரும் நல்ல வகைகளும் உண்டு.

ஹைட்ராலிக்கில் இரு பிஸ்டன்களும் ஒரே அழுத்தத்தில் இரு பக்கமிருந்தும் பிடிக்கும். பேட் தேய்ந்தால் பிஸ்டன் தானே சற்று முன்னே வந்து ஈடுகட்டும். ஒற்றை விரல் போதும். அதைவிடப் பெரிய லாபம் அளந்து பிடிக்க முடிவது. தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞான சபையை நோக்கிச் சாலை நிறைய ஜனம் நடக்கும்போது, முழுப் பிடியும் முழு விடுதலையும் மட்டுமே தெரிந்த பிரேக் உதவாது. அரைக்கால் பிடியும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஹைட்ராலிக்கில் எந்த ஆயில் நல்லது?

பதில்: நல்ல ஆயில், கெட்ட ஆயில் என்பதில்லை, அந்தந்த பிரேக்குக்கு உரிய ஆயில்தான் உண்டு. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ், ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டாட் திரவம். இரண்டுக்கும் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் வேறு வேறு. மாற்றி ஊற்றினால் சீல் உப்பிக் கெடும், பிரேக் போகும்.

டாட் திரவத்தின் பெருமை அதன் கொதிநிலை: டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது விதி. சிறுமை, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரம் ஏறிய நிலையில் அந்த விதி 180 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கடலூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பிரேக்கைக் கொதிக்கவைக்க இறக்கம்தான் இல்லை. எனவே இந்த வட்டாரத்துக்கு மினரல் ஆயில் பொருத்தம். ஒரு சிக்கல்: டாட் திரவம் எந்த மோட்டார் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். சைக்கிளுக்கான மினரல் ஆயிலைப் பெரும்பாலும் வரவழைக்க வேண்டியிருக்கும். சின்ன பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தால் சிக்கல் தீர்ந்தது. ‘ஆயில்தானே’ என்று தையல் மெஷின் எண்ணெய் ஊற்றும் கடைக்காரரிடமிருந்து வண்டியைப் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது நலம்.

கேள்வி: டிஸ்க் தட்டு 160, 180, 203 மில்லிமீட்டர் என்று வருகிறது. பெரியதே பெருமையா?

பதில்: கணக்கு பெருமையைப் பார்ப்பதில்லை. அதே விரல் அழுத்தத்துக்கு 160-ஐவிட 180 தட்டு எட்டில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். அந்தச் சூடு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், ஒருமுறை நிறுத்தும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல் ஏறக்குறைய 3,000 ஜூல். அதே வண்டி ஏற்காடு, கொல்லிமலை போன்ற மலைச்சாலையில் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 8 லட்சம் ஜூலுக்குமேல் எங்காவது போயாக வேண்டும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக் தலையில்.

ஆகவே வடலூர்ச் சமவெளிக்கு முன்னும் பின்னும் 160 போதும். ஆள் 90 கிலோவைத் தாண்டினாலோ, விடுமுறைதோறும் மலைக்குப் போகும் வழக்கம் இருந்தாலோ முன்னால் 180, பின்னால் 160. 203 செங்குத்து இறக்கப் பந்தயக்காரர்களுக்கு. நான்கு பிஸ்டன் காலிப்பரும் அவர்கள் வீட்டுச் சொத்துதான். கிராஸ் கன்ட்ரிக்கு இரண்டு பிஸ்டன் போதும். பெரிய தட்டு வாங்குமுன் ஃபோர்க் எந்த அளவுவரை அனுமதிக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

கேள்வி: பேட்டில் ரெசின், மெட்டல் என்று இரண்டு சொல்கிறார்கள். எது?

பதில்: ரெசின் பேட் சத்தமில்லாமல் இதமாகப் பிடிக்கும், மணல் கலந்த சேற்றில் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் நீடித்து உழைக்கும், சூடு தாங்கும். ஈரத்தில் கத்தும், தட்டையும் கூடுதலாகத் தேய்க்கும். ஆண்டின் பெரும்பகுதி ரெசின், அடைமழைக் காலத்தில் மெட்டல் என்று மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அதற்குமுன் தட்டைப் படிப்பது நல்லது: மலிவான தட்டுகளில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் தட்டு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கேள்வி: பண்ருட்டி முந்திரிக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் உண்டு என்கிறாரே ஒரு நண்பர். கதை விடுகிறாரா?

பதில்: நண்பர் சொல்வது உண்மை. முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை வேதிமுறையில் இறுக்கி, பொடியாக்கி, மோட்டார் வாகன பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச்சிலும் சேர்க்கிறார்கள். உராய்வு சூட்டுக்குச் சூடு மாறாமல் சீராக இருக்க அந்தப் பொடி உதவுகிறது. பருப்பு பாயசத்துக்கு, ஓடு பிரேக்குக்கு. ஆனால் தொழிற்சாலையில் இறுகிய பொடிக்குத்தான் இந்த மரியாதை. தோப்பில் கசிந்த எண்ணெய் பட்டாலும் சரி, அடுப்படி எண்ணெய் பட்டாலும் சரி, பேட் பாழ்.

கேள்வி: அப்பாவின் பழைய சைக்கிளில் வெல்டிங் பட்டறையில் பட்டை ஒட்டி டிஸ்க் பிரேக் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம்; மறுநாள் பல் மருத்துவரையும் பார்க்கலாம். டிஸ்க் பிரேக்கின் இழுவை முழுவதும் ஃபோர்க்கின் ஒரே காலில், அதுவும் கீழ்நுனியில் விழுகிறது. பழைய ஃபோர்க் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. காலிப்பர் பொருத்தும் இடம், தட்டு பொருத்தும் ஹப், இவ்விரண்டும் ஆலையிலேயே அமைந்திருக்க வேண்டும். தட்டு ஹப்பில் சேர ஆறு போல்ட் முறை, சென்டர் லாக் முறை என இரண்டு உண்டு. காலிப்பர் சேர மவுண்டன் பைக்கில் பெரும்பாலும் போஸ்ட் மவுண்ட், ஐ.எஸ். மவுண்ட் என இரண்டு. எது எது என்று தெரிந்துகொள்ளாமல் பிரேக் மட்டும் வாங்கி வந்தால் அது அலமாரியில்தான் உட்காரும்.

கேள்வி: முன் பிரேக் பிடித்தால் குட்டிக்கரணம் என்கிறார்களே?

பதில்: பயத்தில் பிடித்தால் குட்டிக்கரணம், பழகிப் பிடித்தால் உயிர்காப்பு. வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்கு நகர்கிறது. தரையை இறுகப் பிடிப்பது அதுதான். பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. கை நீட்டி, உடம்பைச் சற்றுப் பின்தள்ளி, படிப்படியாக அழுத்த வேண்டும். தளர்ந்த மணலிலும் ஈரச் செம்மண்ணிலும் மட்டும் முன் பிரேக்கில் சிக்கனம் தேவை. நம் ஊர் வழக்கத்தில் வலக்கை லீவர் முன் பிரேக்குக்கு. அமெரிக்காவுக்கென்று கோத்த சைக்கிளில் அது இடக்கைக்குப் போயிருக்கும். இரவல் வண்டியில் ஏறியதும் முதலில் பார்க்க வேண்டியது இது.

கேள்வி: புது டிஸ்க் பிரேக் பிடிக்கவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றம் இல்லை, பழக்கம் இல்லை. புது தோசைக்கல்லைப் போல அதையும் பழக்கித்தான் ஆகவேண்டும். காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவை, சக்கரம் சறுக்காமல், முழுவதும் நிற்காமல் மெதுவாக வேகம் குறைக்க வேண்டும். பிறகு சற்று வேகமாக ஒரு பத்து தடவை. பேட்டின் மெல்லிய படலம் தட்டில் சீராக ஏறியபின் பிடி தானே வரும்.

கேள்வி: பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. சத்தம் ஏன்?

பதில்: லான்செஸ்டர் செப்பு பேட் வைத்த 1902-லேயே டிஸ்க் பிரேக் கத்தியது, பரம்பரைக் குணம். ஈரத்தில் எழும் சத்தம் காய்ந்ததும் அடங்கும். காய்ந்தபின்னும் கத்தினால் பெரும்பாலும் தட்டில் எண்ணெய்ப் பசை. செயினுக்கு ஸ்பிரே அடித்தவர் பின்தட்டுக்கும் சேர்த்து அடித்திருப்பார். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் தட்டைத் துடைத்து, பேட்டின் மேல்முகத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். எண்ணெய் ஊறிவிட்டால் பேட்டை மாற்றுவதே வழி. மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

கேள்வி: ஓடும்போது ‘சிர்ர்... சிர்ர்...’ என்று உரசுகிறது. கடைக்குப் போகாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளையும் 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் காலிப்பர் பக்கவாட்டில் அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு லீவரை இறுகப் பிடித்தால் காலிப்பர் தானே தட்டுக்கு நேராக வந்து உட்காரும். பிடித்த பிடியை விடாமல் இரு போல்ட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பிறகு வெள்ளைத் தாளைப் பின்னணியில் பிடித்து மேலிருந்து பார்த்தால் தட்டின் இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் குற்றம் காலிப்பரில் இல்லை, தட்டு வளைந்திருக்கிறது.

கேள்வி: பஞ்சர் கடையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். அதன்பின் லீவர் கைப்பிடிவரை வந்துவிடுகிறது. ஏன்?

பதில்: லீவருக்குள் இருக்கும் சின்ன ஆயில் தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால், வண்டி நேராக நிற்கும்வரை அது மேலேயே கிடக்கும். தலைகீழானதும் குழாய்க்குள் ஏறிவிடும்; காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது, லீவர் பஞ்சாகும். வண்டியைச் சிறிது நேரம் நேராக நிறுத்தி லீவரைப் பலமுறை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் ஏர் எடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது எந்தக் குழந்தையும் லீவரைப் பிடித்து விளையாடக் கூடாது. நடுவில் தட்டு இல்லாததால் இரு பேட்டும் ஒட்டிக்கொண்டு பிரியாது.

கேள்வி: பேட்டையும் தட்டையும் எப்போது மாற்றுவது?

பதில்: ஷிமானோ கணக்குப்படி பேட்டின் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். புதிதில் 1.8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தட்டு 1.5-க்கு வந்தால் அதற்கும் ஓய்வு. சேற்றில் ஓடிய வாரம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உப்புக்காற்று வாங்கிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, பேட்டைத் தாங்கும் ஊசியும் போல்ட்டும் துருப்பிடிக்காமல் காயவைக்க வேண்டும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொன்னால், எதை வாங்குவது?

பதில்: தார்ச்சாலை மட்டும் என்றால் நல்ல வி-பிரேக். தோப்பும் ஏரிக்கரையும் உண்டு, பக்கத்துக் கடையில் ஹைட்ராலிக் தெரிந்த ஆள் இல்லை என்றால், இரு பக்கமும் நகரும் மெக்கானிக்கல். அதற்கு வேண்டியது பிரேக் ஒயரும் ஆலன் சாவியும்தான். மழை வெயில் பாராமல் ஓட்டுபவருக்கும் பந்தயத்துக்குத் தயாராகுபவருக்கும் மினரல் ஆயில் ஹைட்ராலிக், இரண்டு பிஸ்டன், 160 தட்டு. கூடவே ஒரு ஜோடி கூடுதல் பேட். பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ‘இதற்கு பேட் இந்தக் கடையிலேயே கிடைக்குமா?’ பதில் சொல்லக் கடைக்காரர் யோசித்தால், வாங்குபவரும் யோசிக்கலாம்.