பாட்டிலுக்குள் ஒரு பனியன்

1992-ஆம் வருஷம் மதுரைப் பக்கத்து மளிகைக் கடைகளில் 366 நாள் தொங்கியவன் நான். லீப் வருஷம், அதனால் ஒரு நாள் கூடுதல். நன்னாரி சர்பத் கம்பெனி ஒன்றின் தினசரி காலண்டர் அது. அட்டையில் பெரிதாக சர்பத் பாட்டில். அதன் தோள்பட்டையில், கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பனியனோடு நான்.

அப்போது ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி. பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும்தான் பிழைப்பு. வருஷக் கடைசியில் மட்டும் காலண்டருக்காக ஊறுகாய், சர்பத் என்று வரும். முதலாளியை அண்ணன் என்போம். கண்ணாடியை எவனாலும் படம் எடுக்க முடியாது என்பார் அவர். அதற்குப் பின்னால் இருப்பதும் முன்னால் நிற்பதும்தான் படத்தில் விழும். நேரே விளக்கை அடித்தால் பாட்டிலில் விளக்குதான் தெரியும்.

ஆகவே வெளிச்சம் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும். பாட்டிலுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டிய சட்டம், அதற்கும் பின்னால் 1000 வாட் ஹாலஜன். படத்துக்குள் வராத தூரத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை. அந்தக் கறுப்புதான் பாட்டிலின் ஓரத்தில் மை தீட்டும். அட்டையை எடுத்துவிட்டால் பாட்டில் வெள்ளையில் கரைந்து போகும். நன்னாரியை அப்படியே ஊற்றினால் தார் மாதிரி இருக்கும் என்று பாதிக்கு மேல் தண்ணீர். மேலே பனித்துளி வேண்டுமே, கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளிப்போம். மத்தியானம் வரை வழியாமல் நிற்கும். இத்தனையும் முடிந்தபின் படத்துக்குக் கீழே ‘சுத்தமான நன்னாரி’ என்று அச்சடிப்பார்கள்.

ஃபேன் போடக்கூடாது, தாள் ஆடும். அந்த வெக்கையில் நான் சட்டையைக் கழற்றிவிட்டு, லேபிளுக்கு வெளிச்சம் திருப்பத் தெர்மக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணன் மட்டும் எப்போதும் கறுப்புச் சட்டை. கார்த்திகையில் மாலை போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தை பிறந்தும் கழற்றாததால் தி.க.காரர் என்று முடிவு கட்டினேன்.

பாட்டிலின் வளைவு, லாரியின் பக்கக் கண்ணாடி மாதிரி. அறை முழுவதையும் சுருக்கி மடியில் வைத்துக்கொள்ளும். நேரே விழும் வெளிச்சத்தில் கண்ணாடியின் ஒரு பரப்பு நூற்றுக்கு நாலு பங்குதான் திருப்பித் தரும். இருட்டறையில் வெள்ளைப் பனியனுக்கு அந்த நாலு பங்கு தாராளம்.

120 ரோலில் 10 படம். மெட்ராஸுக்குப் போய்க் கழுவி வர நாலு நாள். ஸ்லைடில் நான் ஒரு கடுகு. சிவகாசியில் காலண்டர் அளவுக்குப் பெரிதானபோது மிளகாகிவிட்டேன். அண்ணன் கவனிக்கவில்லை, கம்பெனிக்காரரும் கவனிக்கவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். “ஏண்டா, பாட்டிலுக்குள்ள நிக்கிறது நீதான?”

அடுத்த சம்பளத்தில் கறுப்புச் சட்டை வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை அந்த நிறம்தான். “சாமி, மலைக்கு எப்ப?” என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேராவது இருப்பார்கள்.

இப்போது ஸ்டூடியோ என்பது வீட்டு மாடி அறை. தம்பி மகள் மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கிறாள், எல்லாம் ஆன்லைனில். முதலில் தன் போனிலேயே எடுத்து, பின்னணியை வெட்டித் தரும் ஆப்பில் போட்டாள். ஆப் பாட்டிலைச் சுற்றி நறுவிசாக வெட்டியது. பாட்டில் வழியே தெரிந்த பீரோவை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டது. பெரியப்பாவிடம் வந்தாள்.

எல்இடி விளக்கு சுடுவதில்லை. படம் அந்த நொடியே லேப்டாப்பில் வந்துவிடுகிறது. பத்து என்ன, இருநூறு எடுக்கலாம், எடுத்தேன். மற்றபடி அதே டிரேசிங் பேப்பர், அதே கறுப்பு அட்டை, அதே தெர்மக்கோல். ஃபேனுக்கும் அதே தடை. எண்ணெய் விஷயத்தில் ஓர் அழகு உண்டு. கண்ணாடியும் எண்ணெயும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவுதான் வளைக்கும். ஊற்றியதும் பாட்டிலின் உள்சுவர் காணாமல் போய், எண்ணெய் வெளி விளிம்பு வரை தளும்பி நிற்கும், கண்ணாடியே இல்லாத மாதிரி. தண்ணீரிடம் இந்த ஜாலம் இவ்வளவு எடுபடாது. குமிழி அடங்கத்தான் அரை மணி காத்திருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஆப் வரவில்லை.

ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை, நான் இல்லை. அண்ணன் இருந்தால் முதுகில் தட்டியிருப்பார். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சூப்பரா இருக்கு பெரியப்பா. ஆனா ஏஐ மாதிரி இருக்கே.”

எனக்குப் புரியவில்லை.

“ஜன்னல் கொஞ்சம் தெரியட்டும். யாரோ வீட்ல நின்னு எடுத்த மாதிரி இருந்தாத்தான் நம்புறாங்க.”

முப்பது வருஷமாக இழுத்து மூடிய திரையை விலக்கினேன். ஜன்னல் கம்பி நாலோடும் வந்து பாட்டிலில் உட்கார்ந்தது. அதுவும் அவளுக்குப் போதவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை கடலை எண்ணெய் எடுக்கவேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் வெள்ளைச் சட்டை கிடையாது. பனியன்தான் இருக்கிறது.