பொம்மைகளின் இரவுப்பணி

கேள்வி: உயிர்பெற்ற பொம்மைகள் கொலை செய்யும் சிக்கனப் பேய்ப்படத்துக்கு இரண்டாம் பாகம் எதற்கு? (வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு)

பதில்: நேரே வீடியோ கேசட்டாக 1989இல் வெளிவந்த 'பப்பெட் மாஸ்டர்' படத்தின் இரண்டாம் பாகத்தை, பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, நகர்வுக்கொரு படமெடுத்து, விநாடிக்கு 24 படங்களாக ஓட்டி உயிரூட்டும் 'ஸ்டாப் மோஷன்' கலைஞரான டேவிட் ஆலனே இயக்கியதால், அதில் மனிதர்களைவிடப் பொம்மைகளே நன்றாக நடித்திருக்கின்றன. உயிரளிக்கும் மருந்து தீர்ந்துவரவே, அவை முதலாளியைக் கல்லறையிலிருந்து எழுப்பி, மருந்துக்கு வேண்டிய மனித மூளையைத் தேடி இரவெல்லாம் அலைகின்றன. எலெக்ட்ரானிக் சிட்டியிலோ அந்தச் சரக்கு நாள்தோறும் கம்பெனி பஸ்ஸில் தானே வந்து இறங்குகிறது. தமிழில் 1991இல் வந்த 'வா அருகில் வா' படத்தில் பொம்மைக்குள் புகுந்தது கொலையுண்ட பெண்ணின் ஆவி. பழிவாங்குவது மட்டுமே அதன் வேலை என்பதால், இரண்டாம் பாகத்துக்கு அதனிடம் கால்ஷீட் இல்லை.